கிழக்குக் காக்கையும் பனிப்பூனையும்

மத்தியானச் சாப்பாடு முடிந்து பாத்திரங்களைக் கவிழ்த்தானதும் ஜெயலக்ஷ்மி உள்ளறைக்குப் போய்க் கதவை ஒருக்களித்துச் சாத்திக்கொள்வாள். டேப்லெட்டில் ஸ்லோக கிளாஸ் என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தாள். கணவர் நாகேஸ்வரன் அதை அப்படியே நம்பினார். அந்த நேரம் பார்த்து யாராவது வந்துவிட்டால், "உள்ள ஸ்லோகம் நடக்கறதாக்கும், மெள்ளப் பேசுங்கோ" என்று குரலைத் தணித்துச் சொல்லிக் கையையும் கூப்புவார். திருவனந்தபுரத்து வலியசாலைத் தெருவில் ஜெயலக்ஷ்மிக்குப் பெரிய பக்தை என்ற பெயர் வந்தது அவர் தயவில்தான்.

உள்ளே ஸ்லோகமும் இல்லை, கிளாஸும் இல்லை. ஜெயலக்ஷ்மி ஒரு டிராகனை வடக்குக் கோபுரத்தில் கட்டிப்போட்டு, அது தின்ற ஆடுகளுக்கு எழுத்து மூலம் விளக்கம் கேட்டுக்கொண்டிருப்பாள்.

காக்கைக்கோட்டை என்பது மந்திரவாதிகளைப் பற்றிய ஆறு தொகுதி இங்கிலீஷ் நாவல். அவள் பிறப்பதற்கு முன்னாலேயே சீமையில் ஒரு அம்மாள் எழுதியது. காலேஜ் நாளில் லைப்ரரிக்குப் போனபோது முதல் தொகுதியை யாரோ எடுத்துப் போயிருந்தார்கள். மூன்றாவதுதான் கிடைத்தது. தலையும் புரியாமல் காலும் புரியாமல் அதை ஒரே மூச்சில் வாசித்துவிட்டு, பிறகு பின்னால் நடந்து இரண்டாவதுக்கும் ஒன்றாவதுக்கும் போய்ச் சேர்ந்தாள். அதில் வரும் கிழ மந்திரவாதி சில்வெஸ்டர் மேல் அன்றைக்கு விழுந்த பிரியம் இந்த வயசு வரை குறையவில்லை. சில்வெஸ்டர் முன்கோபி. மறதிக்காரர். எந்த மந்திரமும் முதல் தடவையில் அவர் வாயில் சரியாக வராது. ஆறாவது தொகுதியின் கடைசிப் பக்கத்தில் கோட்டையைக் காப்பாற்ற மூடுபனிக்குள் தனியாக நடந்து போகிறார். திரும்பி வந்தாரா இல்லையா என்று எழுதாமலே அந்த அம்மாள் கண்ணை மூடிவிட்டாள். உலகம் முழுக்க உள்ள வாசகர்கள் அன்றிலிருந்து இன்றுவரை அதைச் சொல்லி அடித்துக்கொள்கிறார்கள்.

கல்யாணமாகி வலியசாலைக்கு வந்த ஜெயலக்ஷ்மி, தான் வாங்கிச் சேர்த்திருந்த ஆறு புத்தகத்தையும் மாமியார் கண்ணில் படாமல் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்தாள். வீட்டுக்கு வந்த மாட்டுப்பெண் மந்திரவாதி கதை வாசிக்கிறாள் என்றால் என்ன ஆவது? மாமியார் போய்ச் சேர்ந்த பிறகும் ஒளித்து வைக்கிற பழக்கம் மட்டும் போகவில்லை. ஆடிட் ஆபீஸிலிருந்து ரிட்டையர் ஆன கையோடு, காக்கைக்கோட்டை வாசகர்கள் கூடுகிற இணையதளம் ஒன்றைக் கண்டுபிடித்தாள். அங்கே யார் வேண்டுமானாலும் கதையை மேற்கொண்டு எழுதலாம். கிழக்குக் காக்கை என்று பெயர் வைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தாள். காலமெல்லாம் ஆடிட் அப்ஜெக்‌ஷன் எழுதிப் பழகிய இங்கிலீஷ். மந்திரவாதிகள்கூட, "மேற்படி மந்திரக்கோல் எந்த உத்தரவின் பேரில் வழங்கப்பட்டது என்பதைத் தெரிவிக்கவும்" என்றுதான் அதில் பேசிக்கொண்டார்கள். தமாஷுக்காக அப்படி எழுதுகிறாள் என்று வாசகர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வேறு மாதிரி அவளுக்கு எழுத வராது என்பது அவர்களுக்குத் தெரியாது.

இந்த நிலைமையில்தான் மகன் வெங்கிடேஷுக்குக் கல்யாணமாகி ஸ்மிதா வீட்டுக்கு வந்தாள். டெக்னோபார்க்கில் கம்ப்யூட்டர் வேலை. மலையாளத்தில் படித்து வளர்ந்த திருவனந்தபுரத்துப் பெண். வந்த மறுநாள் பெட்டியைத் திறந்து சாமான்களை எடுத்து வைத்தாள். சுடிதார்களுக்கு அடியில் காக்கைக்கோட்டை ஆறு தொகுதியும் கெட்டி அட்டையில் பளபளவென்று இருந்தன. ஜெயலக்ஷ்மிக்கு அவளைக் கட்டிக்கொண்டு கத்த வேண்டும்போல் இருந்தது. அந்த நேரம் பார்த்துப் பக்கத்தில் நாத்தனார் நின்றுகொண்டிருந்தாள்.

"இதெல்லாம் கொச்சுப் பிள்ளைகள் வாசிக்கறதல்லவோ?" என்று வாய் அதுபாட்டுக்குச் சொல்லிவிட்டது.

ஸ்மிதாவின் முகம் சுருங்கிப் போயிற்று. புத்தகங்களை அலமாரியின் பின்வரிசையில் அடுக்கினாள். சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ள வழி தெரியாமல் ஜெயலக்ஷ்மி நாளை ஓட்டினாள். தள்ளிப்போடப் போட, சொல்வது இன்னும் கஷ்டமாயிற்று.

ஒருநாள் ஸ்மிதா ஏர் ஃப்ரையர் ஒன்றை வாங்கி வந்து, அதில் உருளைக்கிழங்கு ரோஸ்ட் பண்ணினாள். எண்ணெயே வேண்டாமாம். வெளியே வந்தது கரியா கிழங்கா என்று நாகேஸ்வரன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். ஜெயலக்ஷ்மி மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டாள். அடுத்த அத்தியாயத்தில் இஸ்லா என்ற இளம் மந்திரக்காரி கோட்டைச் சமையல்கட்டுக்கு வேலைக்கு வந்தாள். வந்தவள் பரம்பரைக் கொப்பரையைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டு, காற்றால் சமைக்கிற ஒரு கொப்பரையைக் கொண்டுவந்து வைத்தாள். சமையல்காரி மார்த்தா கரிக்கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, "இது உணவு என்ற தலைப்பின் கீழ் வருமா, விறகு என்ற தலைப்பின் கீழ் வருமா என்பது தெளிவாக்கப்பட வேண்டும்" என்றாள்.

வாசகர்கள் கொண்டாடினார்கள். பனிப்பூனை என்கிற பெயரில் ஒரு வாசகி மட்டும் நீளமாக ஒரு பதில் போட்டிருந்தாள். "இஸ்லா மேல் என்ன தப்பு? எந்தச் சட்டி எங்கே இருக்கிறது என்று மார்த்தா ஒருநாளாவது சொல்லிக் கொடுத்தாளா? கேட்டால், இதுகூடத் தெரியாதா என்று ஒரு பார்வை. அந்தப் பார்வைக்கு டிராகனே தேவலை."

ஜெயலக்ஷ்மிக்குச் சுருக்கென்றது. பனிப்பூனைக்கு என்ன தெரியும் மார்த்தாவைப் பற்றி? ஆனால் சாயங்காலம் ஸ்மிதா சமையலறையில் எதையோ தேடிக்கொண்டு நிற்பதைப் பார்த்ததும் தானாகவே, "பெருங்காயமா? அந்த நீல டப்பாவுக்குப் பின்னால இருக்கு பாரு" என்று சொன்னாள்.

அதற்கப்புறம் பனிப்பூனை இல்லாமல் அத்தியாயமே இல்லை என்றாயிற்று. நாலாவது தொகுதியில் வடக்குக் கோபுரத்து மணிக்கு நாக்கே கிடையாதே, உங்கள் கதையில் அது எப்படி அடித்தது என்று கேட்பாள். அவ்வளவு ஊன்றி வாசிக்கிற ஒருத்தியை ஜெயலக்ஷ்மி தன் ஆயுசில் கண்டதில்லை. எங்கேயாவது லண்டனிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறவளாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

ஒரு சனிக்கிழமை ஸ்மிதா லாப்டாப்பைச் சாப்பாட்டு மேஜையில் திறந்து வைத்துவிட்டுக் குளிக்கப் போயிருந்தாள். மேஜையைத் துடைக்க வந்த ஜெயலக்ஷ்மியின் கண்ணில் கோட்டையின் படம் பட்டது. அதன் கீழே பாதி அடித்த பதில். அதற்கு மேலே பெயர், பனிப்பூனை.

துடைக்கிற துணியோடு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். முதலில் வெட்கமாக இருந்தது. எத்தனை அத்தியாயமாக இந்தப் பெண்ணின் உருளைக்கிழங்கை ஊரெல்லாம் கேலி பண்ண வைத்திருக்கிறாள்! கொஞ்ச நேரம் போனதும் வெட்கம் விலகி வேறு ஒரு எண்ணம் எட்டிப் பார்த்தது. ஸ்மிதாதான் பனிப்பூனை என்பது தனக்குத் தெரியும். தான்தான் கிழக்குக் காக்கை என்பது ஸ்மிதாவுக்குத் தெரியாது. இப்படி ஒரு வசதி எந்த மாமியாருக்குக் கிடைக்கும்?

ஸ்மிதா குளித்துவிட்டுத் தோர்த்தை, அந்த ஈரத் துண்டை, கட்டில்மேல் போடுவாள். எத்தனையோ தடவை சொல்லியாயிற்று. அந்த வார அத்தியாயத்தில் இஸ்லா ஈரத் துணியை மந்திரப் படுக்கையில் போட்டாள். படுக்கை கோபித்துக்கொண்டு அவளைத் தவளையாக்கிவிட்டது. மறுநாள் காலை தோர்த்து கொடியில் தொங்கியது. ஜெயலக்ஷ்மி அதன் அடியில் நின்று கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தாள். சில்வெஸ்டருக்கே முதல் தடவையில் பலிக்காத மந்திரம்!

ருசி கண்டுவிட்டாள். நவராத்திரி நெருங்கியது. பண்டிகை நாளில் விடியுமுன் எழுந்து குளித்த இஸ்லாவுக்கு மார்த்தா ஒரு முத்து மோதிரம் போட்டுவிட்டதாக எழுதினாள். கொலு வைக்கிற அன்று கிழக்கு வெளுப்பதற்குள் ஸ்மிதா குளித்து முழுகி, நெற்றியில் சந்தனத்தோடு கோலமாவுக் கிண்ணத்தை ஏந்திக்கொண்டு வந்து நின்றாள். நாகேஸ்வரனுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "எல்லாம் உன் ஸ்லோகத்தோட மகிமை" என்றார் மனைவியிடம்.

நடுவில் ஒரு அக்கிரமமும் நடந்தது. பித்தளைக் காபி ஃபில்டரில் ஸ்மிதா கிரீன் டீ வடிகட்டினாள். ஜெயலக்ஷ்மி நேரே டேப்லெட்டுக்குப் போனாள். அன்றைய அத்தியாயம் அவள் எழுதியவற்றிலேயே மிக நீளமானது. புனிதப் பாத்திரத்தில் புல்லைக் காய்ச்சிய இஸ்லாவுக்காகக் கோட்டையில் ஒரு விசாரணைக் கமிஷனே உட்கார்ந்தது. வாசகர்கள் அதற்குக் கொடுத்த வரவேற்பைப் பார்த்து அவளே பயந்துபோனாள்.

இப்படி இருக்கும்போது தளத்தில் ஒரு அறிவிப்பு வந்தது. திருவனந்தபுரம் வாசகர்கள் தம்பானூரில் ஒரு ஹோட்டல் மாடியில் ஞாயிற்றுக்கிழமை கூடுகிறார்கள். அன்று சாயங்காலமே ஸ்மிதா, ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் ட்ரெயினிங் என்றாள். ஜெயலக்ஷ்மிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டு, தனக்கும் அன்றைக்கு ஸ்லோக கோஷ்டியின் ஆண்டுவிழா என்றாள். நேரே போய் ஸ்மிதாவின் பின்னால் நின்று காதோடு, "பனிப்பூனை, சுகமா?" என்று கேட்க வேண்டும். அந்த முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும். இரண்டு நாளாக இதையே ஒத்திகை பார்த்தாள். குங்குமக் கலர் சில்க் காட்டனை எடுத்துக் கட்டிக்கொண்டாள்.

ஹோட்டல் மாடியில் ஜன்னலைத் திறந்தால் ரயில் நிலையம். உள்ளே இருபது முப்பது பேர், எல்லாம் இளசுகள். நாலைந்து பேர் மந்திரவாதி மாதிரிக் கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு வியர்த்து வழிந்துகொண்டிருந்தார்கள். ஜெயலக்ஷ்மி வாசலில் தயங்கி நின்று ஸ்மிதாவைத் தேடினாள்.

ஸ்மிதா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து நாற்காலியில் கைப்பையை வைத்து இடம் பிடித்திருந்தாள். திரும்பிப் பார்த்தாள். திடுக்கிடவில்லை. எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வாங்கோம்மா. என்ன இத்தனை லேட்டு? காபி சொல்லியிருக்கேன். சர்க்கரை இல்லாமத்தான்."

ஜெயலக்ஷ்மிக்கு ஒத்திகை பார்த்த ஒரு வார்த்தைகூட வரவில்லை. நாற்காலியில் உட்கார வைத்துக் காபியைக் கையில் கொடுத்த பிறகுதான் குரல் வந்தது.

"உனக்கு எப்போ தெரியும்?"

"உருளைக்கிழங்கு அத்தியாயத்துலயே தெரியும். டிராகன்கிட்ட எழுத்து மூலம் விளக்கம் கேக்கற ஆள் இந்த உலகத்துல வேற யாரு? வெங்கி, தனக்குப் பதினஞ்சு வயசுல நீங்க எழுதிக் குடுத்த லீவ் லெட்டரை எனக்குக் காட்டியிருக்கார். அதே இங்கிலீஷ்."

"அப்போ அந்த லாப்டாப்பு?"

"யாராவது அப்படித் திறந்து வெச்சுட்டுக் குளிக்கப் போவாளாம்மா? நீங்க துடைக்க வர நேரம் பாத்தாக்கும் வெச்சேன்."

ஜெயலக்ஷ்மி காபியைக் கீழே வைத்தாள். "தோர்த்து?"

"முதல்ல போட்டது மறந்துதான். கதையில வந்தப்புறம் கொடியில போட்டேன். பின்ன, கதை கொஞ்சம் தொய்யறது மாதிரி இருந்தா நான் என்ன செய்யறது? சமையலறைக்குள்ள போய் ஏதாவது ஒண்ணு பண்ணிடுவேன். நீங்க எழுத வேண்டாமா?"

"அந்தக் கிரீன் டீ..."

"எனக்குக் கிரீன் டீயே பிடிக்காதும்மா. குடிச்சு முடிக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஆனா அந்தக் கமிஷன் வந்ததே, அல்லே? அதுக்காக இன்னொரு ஃபில்டர்கூடக் குடிப்பேன்."

பித்தளை ஃபில்டரைப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவியது ஜெயலக்ஷ்மிக்கு நினைவு வந்தது. கோபம் தொண்டை வரை வந்து, அங்கேயே சிரிப்பாக மாறிவிட்டது. தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

"ஒரு கணக்கு மட்டும் பாக்கி இருக்கு" என்று ஸ்மிதா விரலை நீட்டிக் காட்டினாள். "விடியுமுன்ன எழுந்து குளிச்சேன். மோதிரம் எங்கே?"

"அது கதையிலடி."

"தோர்த்து மட்டும் நிஜமோ?"

ஜெயலக்ஷ்மி அவசரமாகக் காபியை எடுத்துக் குடித்தாள்.

அங்கி போட்டவர்களில் ஒருவன் அருகில் வந்தான். சஜின் என்று பெயர். போட்டிருந்தது மழைக்கோட்டு என்பது பக்கத்தில் வந்ததும்தான் தெரிந்தது. ஸ்மிதாவுக்குத் துணையாக வந்த அம்மா, பாவம், போரடித்துப் போய் உட்கார்ந்திருக்கிறாள் என்று அவனுக்குத் தோன்றியிருக்கிறது. "ஆன்ட்டி, நான் கதையைச் சொல்லட்டுமா? ஒரு கோட்டை இருக்கு, அதுல நிறைய காக்கை..." என்று ஆரம்பித்தான். பாதி மலையாளமும் பாதி கையசைப்புமாக மூன்றாவது தொகுதியைச் சொன்னான். சில்வெஸ்டர் ஆற்றைத் திருப்பிவிடுகிற இடத்தில் எழுந்து நின்று இரண்டு கையையும் விரித்தான். ரயில் அறிவிப்பு குறுக்கே வந்தபோது அது முடிகிற வரை அப்படியே நின்றான். எத்தனையோ மழைக்காலம் வாசித்த கதை. இருந்தாலும் ஜெயலக்ஷ்மி, "அப்புறம்? அப்புறம்?" என்று நிஜமாகவே கேட்டுக்கொண்டிருந்தாள்.

பிறகு பேச்சு கிழக்குக் காக்கை மேல் திரும்பியது. அது யார் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள்.

"ஸ்காட்லாண்டுல ஒரு ரிட்டையர்டு ஜட்ஜ், ஆன்ட்டி" என்றான் சஜின். "எனக்கு உறுதியாத் தெரியும்."

"அப்படியா? நல்ல மனுஷரோ?"

"எழுத்து கிரேட். ஆளுக்குக் கொஞ்சம் திமிர் உண்டு."

ஸ்மிதா குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்கிற சாக்கில் சிரித்தாள். நிமிர்ந்து, "சொல்லட்டுமா?" என்று கண்ணால் கேட்டாள். ஜெயலக்ஷ்மி வேண்டாம் என்று தலையசைத்தாள். ஜட்ஜாக இருப்பது சுகமாகத்தான் இருந்தது. அடுத்த அத்தியாயத்தில் கறுப்பு மழைக்கோட்டு போட்ட ஒரு காவல்காரன் வந்தான். அவன் கதை சொன்னால் ஆறு நின்று கேட்கும் என்று எழுதினாள். அந்த அத்தியாயத்தின் கீழே சஜின் எழுதிய பதிலில் ஆச்சரியக்குறிகளைத் தவிர வேறொன்றும் இல்லை.

அன்று கூட்டம் முடிந்து திரும்பும்போது இருவரும் ஒரே ஆட்டோவில் ஏறினார்கள். சாலைக் கடைத்தெருவில் ஆட்டோவை நிறுத்தச் சொல்லி, ஜெயலக்ஷ்மி சின்னதாக ஒரு முத்து மோதிரம் வாங்கி ஸ்மிதாவின் விரலில் போட்டாள். போடும்போது, "உன் புத்தகத்தைப் பாத்து அன்னிக்கு அப்படிச் சொல்லியிருக்கப்படாது" என்றாள். ஸ்மிதா அவள் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

அதோடு எல்லாம் சுபம் என்று இருந்திருக்கலாம். சில்வெஸ்டர் விடவில்லை. அவர் மூடுபனியிலிருந்து திரும்பி வர வேண்டுமா வேண்டாமா என்று ஒருநாள் காலை இரண்டு பேருக்கும் சண்டை பிடித்துக்கொண்டது. இஷ்டமானவர்களைத் திருப்பிக் கொண்டுவந்தால் கதைக்கு என்ன மதிப்பு என்றாள் ஸ்மிதா. பேச்சு முற்றி, பனிப்பூனை தனியாக ஒரு தொடர் எழுத ஆரம்பித்தாள். வாசகர்கள் இரண்டு கட்சியானார்கள். சமையலறையில் ஒருத்தி கறிகாய் நறுக்க, ஒருத்தி தாளிக்க, காலை முழுக்க வாக்குவாதம்.

நாகேஸ்வரன் பேப்பரைப் பிரித்துக்கொண்டு கூடத்தில் இருந்தார். காதில் விழுந்தது இவ்வளவுதான்.

"அவர் போனது போனதுதாம்மா. இனி மறந்துடுங்கோ."

"எப்படி மறக்கறது? அவர் திரும்பி வந்தே தீரணும். எத்தனை வருஷமாக் காத்துண்டிருக்கேன்!"

நாகேஸ்வரன் பேப்பரை மடித்தார். சமையலறை வாசலில் வந்து நின்றார். "யாரு அது?"

இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். ஸ்மிதாதான் முகத்தைச் சாதுவாக வைத்துக்கொண்டு சொன்னாள். "சில்வெஸ்டர்னு ஒருத்தர், அப்பா."

"எந்த சில்வெஸ்டர்?" என்று அவர் மனைவி பக்கம் திரும்பினார். "உன் ஆபீஸ்ல பென்ஷன் செக்‌ஷன்ல இருந்தானே, அவனா?"

"அவரில்லை" என்றாள் ஜெயலக்ஷ்மி, முருங்கைக்காயை ஒடித்துக்கொண்டே. "இவரை எனக்குக் கல்யாணத்துக்கு முன்னாலயே தெரியும்."

நாகேஸ்வரன் சுவரைப் பிடித்துக்கொண்டார். அவர் நிலைமையைப் பார்த்துப் பாவமாக இருந்ததால் ஜெயலக்ஷ்மி கையைத் துடைத்துக்கொண்டு போய், புடவைகளுக்கு அடியிலிருந்து முதல் தொகுதியை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தாள். அவருக்கு விஷயம் விளங்க ஒரு டம்ளர் காபி தேவைப்பட்டது. விளங்கிய பிறகும் சமாதானம் ஆகவில்லை. இவ்வளவு காலமாகத் தன் வீட்டில் பெயர் சொல்லப்படாமல் குடியிருந்தவன் எப்படிப்பட்டவன் என்று பார்த்துவிட வேண்டும் என்று ஜன்னலோரம் உட்கார்ந்து வாசிக்கத் தொடங்கினார்.

சாப்பாட்டுக்குக் கூப்பிட்டபோதுதான் தலையை நிமிர்த்தினார்.

"ஏண்டி, இந்தாளுக்கு ஒரு மந்திரமும் ஒழுங்கா வரல்லையே. இவன்கிட்ட அப்படி என்னத்தைக் கண்டே?"

"அதுக்கு நீங்க மூணாவது தொகுதிக்குப் போகணும்" என்றாள் ஜெயலக்ஷ்மி.

அவர் முணுமுணுத்துக்கொண்டே பக்கத்தைத் திருப்பினார். சாதம் ஆறிக்கொண்டிருந்தது.